எனாமல் அரிப்பை அளக்கும் முறை குறித்துத் தர நிர்ணயக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

பானங்களும் வாய் கொப்பளிக்கும் திரவங்களும் ‘பல் எனாமலுக்குப் பாதுகாப்பானது’ (எனாமல் என்பது பல்லின் கடினமான வெளி அடுக்கு) என்று தம் உறையில் அச்சிட்டுக்கொள்ள எந்தச் சோதனையில் தேற வேண்டும் என்பதைச் சொல்லும் உங்கள் இறுதி வரைவைப் படித்தேன். இரண்டு வழிகளில் ஏதேனும் ஒன்றில் தேறினால் போதும் என்கிறது வரைவு. திரவத்தின் பிஎச் மதிப்பு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 4.5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால், பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் உள்ள சதுரப் பரப்பு மட்டும் திறந்திருக்கும்படி மூடப்பட்ட எனாமல் துண்டு ஒன்றை அத்திரவத்தில் ஐந்து நிமிடம் இட்டு எடுத்து, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் முன்னும் பின்னும் நிறுத்தால் வேறுபாடு தெரியக் கூடாது. இந்த இரண்டு வழிகளில் எதுவுமே எனாமல் அரிப்பை அளப்பதில்லை என்பதால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

எனாமல் துண்டுகளை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் இட்டு, போனது எவ்வளவு என்று மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளப்பதே என் அன்றாட வேலை. வரைவின் முந்தைய வடிவம் கருத்துக்கு விடப்பட்டபோது எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து அளவீடுகளையும் இணைத்து எழுத்துமூலம் கருத்து அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. இறுதி வரைவில் அந்த இரண்டு விதிகளும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அப்படியே நிற்கின்றன, ‘சோதனையின் எளிமை கருதி’ என்ற ஒற்றை விளக்கத்தோடு. அலுவலக வழியில் கேட்டுப் பார்த்தாகிவிட்டதால் இனிப் பொதுவில் கேட்கிறேன்.

முதலில் தராசை எடுத்துக்கொள்வோம். எனாமலின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.9 முதல் 3 கிராம். நீங்கள் குறிப்பிடும் 3 மில்லிமீட்டர் சதுரப் பரப்பில் ஒரு மைக்ரான் ஆழம் கரைந்து போனால் இழப்பு 0.027 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். உங்கள் தராசின் கடைசி இலக்கம் ஒன்று மாற வேண்டுமானால் கிட்டத்தட்ட 4 மைக்ரான் கரைந்திருக்க வேண்டும். அதற்குக் குறைவாகக் கரைக்கும் திரவம் எதுவானாலும் ‘எடையில் வேறுபாடு இல்லை’ என்று சான்று பெற்றுவிடும். குறுகிய நேரச் சோதனையில் அமிலப் பானங்கள் உண்டாக்கும் இழப்பு பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதை இத்துறையில் இருக்கும் எவரும் அறிவர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிட்ரிக் அமிலக் கரைசலில் சில நிமிடம் இட்ட துண்டையும் தூய நீரில் இட்ட துண்டையும் இத்தகைய தராசில் நிறுத்துப் பார்த்தோம். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தராசால் முடியவில்லை. அதே துண்டுகளின் மேல், பரப்பின் மேடுபள்ளங்களை அளக்கும் ப்ரொஃபைலோமீட்டரின் ஊசிமுனையை ஓட்டியபோது, அமிலத்தில் கிடந்த துண்டில் நாடா ஒட்டி மூடியிருந்த பகுதிக்கும் திறந்திருந்த பகுதிக்கும் இடையே படிபோல இறக்கம் வரைபடத்தில் தெளிவாக விழுந்தது. நீரில் கிடந்த துண்டில் கோடு நேராகப் போயிற்று. அமிலத்துக்கும் நீருக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாத சோதனையை எந்தப் பெயரில் சோதனை என்று அழைப்பது?

இதோடு ஈரம் என்ற தொல்லையும் சேர்கிறது. அறுத்தெடுத்த துண்டில் எனாமலுக்கு அடியில் டென்டினும் ஒட்டிக்கொண்டுதான் வரும். டென்டினின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீர். துண்டை எடுத்து வடிதாளில் ஒற்றித் தராசில் வைத்த கணத்திலிருந்து எண் இறங்கிக்கொண்டே இருக்கும். எங்கே நிறுத்திப் படிப்பது என்பது படிப்பவரின் பொறுமையைப் பொறுத்தது. நீங்கள் தேடும் இழப்பைக் காட்டிலும் ஆவியாகும் நீர் அதிகம். வரைவில் உலர்த்தும் நேரம், அறையின் ஈரப்பதம், எத்தனை முறை நிறுக்க வேண்டும் என்பது பற்றி ஒரு வரி இல்லை.

பிஎச் விதி இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் மேலோட்டமாகப் பார்த்தால் அது நியாயமாகத் தோன்றுகிறது. அமிலம் எனாமலைக் கரைக்கும், பிஎச் அமிலத்தைச் சொல்லும், ஆகவே பிஎச் போதும் என்று நினைக்கத் தோன்றும். எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். அது கார்பனேட் கலந்த ஹைட்ராக்ஸிஅபடைட், அதாவது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். அது கரைவதும் கரையாததும், சுற்றியுள்ள திரவத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே எவ்வளவு இருக்கின்றன என்பதையும் சேர்த்தே தீர்மானமாகிறது. பிஎச் எதற்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும் என்பதற்குப் பாடநூல்கள் சொல்லும் 5.5 என்ற எல்லை மதிப்புகூட, வாயில் வழக்கமாக இருக்கும் கால்சியம், பாஸ்பேட் அளவுகளை வைத்துக்கொண்டு சொல்லப்பட்டதே. அந்த அளவுகள் மாறினால் எல்லையும் மாறும். தயிரின் பிஎச் 4-ஐ ஒட்டி இருந்தும் அது எனாமலை அரிப்பதில்லை. அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் படிகத்திலிருந்து மேலும் கரைந்து வர இடமில்லை. உங்கள் விதிப்படி தயிர் தேறாது. கால்சியமே இல்லாத, சிட்ரிக் அமிலமும் அதன் உப்பும் கலந்து 4.6-க்கு உயர்த்தப்பட்ட பானம் தேறிவிடும்.

4.5 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று வரைவு சொல்லவில்லை. ஃப்ளூரைடு சேர்ந்த ஃப்ளூரஅபடைட் என்னும் படிகத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை அதுவே. ஆனால் மனிதனின் எனாமல் தூய ஃப்ளூரஅபடைட் இல்லை. மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் ஃப்ளூரைடு சற்றுக் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அந்த எண்ணை எடுத்து ஒரு சட்ட வரம்பாக நிறுத்துவதற்குக் காரணம் ஏதேனும் இருக்குமானால் அதை வரைவில் எழுதியிருக்க வேண்டும்.

அமிலத்தின் வகையையும் அளவையும் பிஎச் சொல்லாது. கோலாவின் பிஎச் 2.5 அளவில் இருக்கும். ஆரஞ்சுச் சாற்றின் பிஎச் அதைவிட ஒரு முழு அலகுக்கும் மேல் உயர்ந்து இருக்கும். ஆனால் இரண்டையும் நடுநிலைக்குக் கொண்டுவரக் காரம் விட்டுப் பார்த்தால் சாறு பல மடங்கு அதிகக் காரத்தை விழுங்கும். வாயில் இந்தக் காரத்தின் வேலையைச் செய்ய வேண்டியது உமிழ்நீர். எனவே பானம் வாயை விட்டுப் போன பிறகும் பல்லின் மேல் அமிலத்தன்மை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை இப்படி நடுநிலையாக்கத் தேவைப்படும் காரத்தின் அளவே, அதாவது தரம்பார்த்தல் அளவே, ஓரளவு காட்டும். சிட்ரிக் அமிலத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் சிட்ரேட் அயனி கால்சியத்தைப் பற்றிக்கொண்டு கரைசலில் நிறுத்திக்கொள்ளும். பிஎச் உயர உயர இந்தப் பிடி தளர்வதில்லை, இறுகுகிறது. ஆக, பிஎச்சைச் சற்று உயர்த்தி விதியில் தேறச்செய்வது தயாரிப்பாளருக்கு எளிது. அதனால் பல்லுக்கு அதே அளவு நன்மை கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. மறுபக்கம், பானத்தில் கால்சியம் சேர்த்து அரிப்பை மெய்யாகவே குறைக்கும் தயாரிப்பாளர், பிஎச் 4.5-ஐத் தொடவில்லை என்பதற்காகவே முதல் வழியில் தோற்றுப்போவார். இப்படி நேர்மையாக உழைப்பவரைத் தண்டிக்கும் விதியை எளிமை என்ற பெயரில் காப்பாற்றுவது எனக்குப் புரியவில்லை.

வாயு ஏற்றிய பானங்களில் இன்னொன்றும் உண்டு. மூடியைத் திறந்தவுடன் ஒரு பிஎச், கார்பன் டை ஆக்சைடு வெளியேறிய பின் அதைவிட உயர்ந்த ஒரு பிஎச். எதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று உங்கள் வரைவு சொல்லாததால், வேண்டிய எண் வரும்வரை காத்திருந்து அளப்பதற்குத் தடை எதுவும் இல்லை.

அரிப்பு என்பது உடனே பள்ளமாகத் தோன்றுவதில்லை. உங்கள் வரைவு முற்றிலும் விட்டுவிட்ட பகுதி இதுதான். அமிலம் பட்ட முதல் நொடிகளிலேயே மேற்பரப்பின் கனிமம் பகுதியாகக் கரைந்து, சில மைக்ரானுக்கும் குறைவான ஆழத்துக்கு எனாமல் மென்மையாகிவிடும். உயரம் குறைந்திருக்காது, உறுதி போயிருக்கும். அந்த மென்மையான அடுக்கு உமிழ்நீரிலிருந்து கனிமத்தைத் திரும்பப் பெற்று ஓரளவு தேறலாம். அதற்குள் தூரிகை பட்டால் உதிர்ந்தும் போகலாம். தராசு இதைப் பார்க்காது. ப்ரொஃபைலோமீட்டரும் தொடக்கத்தில் இதைப் பார்க்காது. இதைப் பார்ப்பது நுண்கடினத்தன்மைச் சோதனை.

அமெரிக்கத் தேசியத் தர அளவீட்டு நிறுவனத்தில் 1939-இல் உருவான நூப் முறை என்னும் நுண்கடினத்தன்மைச் சோதனையில், நீண்ட சாய்சதுர வடிவ வைர முனையை எனாமலில் அழுத்தி, விழுந்த தடத்தின் நீளத்தை நுண்ணோக்கியில் அளக்கிறோம். 50 கிராம் சுமையில், கடினத்தன்மை 300 அளவில் உள்ள நல்ல எனாமலில் அந்தத் தடம் ஏறத்தாழ 49 மைக்ரான் நீளம் வரும். ஆழமோ நீளத்தில் முப்பதில் ஒரு பங்குதான். அமிலத்தில் கிடந்து கடினத்தன்மை 200-க்கு இறங்கிய எனாமலில் அதே சுமை 60 மைக்ரான் நீளத் தடத்தைப் பதிக்கும். பதினொரு மைக்ரான் வேறுபாடு கண்ணுக்கு முன்னால் தெரியும்போது, அதே துண்டைத் தராசில் வைத்தால் மாற்றமில்லை என்று வரும். மூன்றில் ஒரு பங்கு கடினத்தன்மையை இழந்த எனாமலுக்கு ‘பாதுகாப்பானது’ என்ற முத்திரையை உங்கள் விதி தாராளமாகக் கொடுத்துவிடும்.

எங்கள் கருவிகள் குறையற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. மென்மையான எனாமலில் நூப் தடத்தின் கூர்முனை மங்கிப்போகும். அது எங்கே முடிகிறது என்பதில் இருவர் இருவிதமாகப் படிப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். எந்தத் துண்டு எந்தத் திரவத்தில் கிடந்தது என்று அறிந்தவர் படித்தால், அவரையறியாமலேயே கண் ஒரு பக்கம் சாயும். ப்ரொஃபைலோமீட்டரின் ஊசிமுனை தான் அளக்க வந்த மென்மையான அடுக்கையே கீறிவிட்டுப் போகலாம். ஒளியால் தொடாமல் அளக்கும் கருவி, ஈரமாகவோ பளபளப்பாகவோ உள்ள பரப்பில் இல்லாத மேடுபள்ளங்களைக் காட்டலாம். இயற்கையான பல்லின் பரப்பு வளைவானது என்பதால் அதைத் தட்டையாக்கி மெருகேற்றுகிறோம். அப்படிச் செய்யும்போது ஃப்ளூரைடு மிகுந்த வெளி அடுக்கே போய்விடுவதால் துண்டு இயற்கைப் பல்லைவிடச் சுலபமாக அரிபடுகிறது. மனிதப் பல் போதிய அளவு கிடைக்காதபோது பயன்படும் மாட்டுப் பல் சற்று வேகமாகவே கரைகிறது. கரைசலுக்கு வந்த கால்சியத்தை வேதியியல் முறையில் அளப்பது மிக நுட்பமானது, ஆனால் கால்சியம் சேர்த்த பானத்தில் அது பயன்படாது. பாஸ்பேட்டை அளக்கலாம் என்றால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த கோலாவில் அதுவும் கைகொடுக்காது. ஆகவேதான் ஒற்றை எண்ணை நம்பி எவரும் இத்துறையில் முடிவு சொல்வதில்லை. குறை தெரிந்த இரண்டு மூன்று முறைகளைச் சேர்த்து ஒன்றால் மற்றொன்றைச் சரிபார்க்கிறோம். உங்கள் வரைவு, குறை மிகுந்த இரண்டு முறைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றையும் ‘அல்லது’ போட்டுப் பிரித்துவைத்திருக்கிறது.

தயாரிப்பாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு; அதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் உமிழ்நீர் இல்லை. வாயில் பல்லின் மேல் சில நிமிடங்களுக்குள்ளேயே உமிழ்நீர்ப் புரதங்கள் மெல்லிய படலமாகப் படிந்து அமிலத்துக்கு ஒரு தடையாக நிற்கின்றன. ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 0.3 மில்லிலிட்டர் அளவில் ஊறும் உமிழ்நீர், புளிப்புப் பட்டதும் பல மடங்கு சுரந்து அமிலத்தைக் கழுவிவிடுகிறது, பைகார்பனேட்டால் நடுநிலையாக்குகிறது. ஆகவே கிண்ணத்தில் கிடைத்த மைக்ரானை ஆண்டின் நாட்களால் பெருக்கி, பத்தாண்டில் பல்லே இருக்காது என்று பயமுறுத்துவோரை நானும் ஏற்பதில்லை. அந்தக் கணக்கு அறிவியல் ஆகாது. ஆனால் உமிழ்நீர் காப்பாற்றும் என்பது சோதனையில் உமிழ்நீரைச் சேர்ப்பதற்கான காரணமே ஒழிய, சோதனையைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது. சேகரித்த மனித உமிழ்நீரில் துண்டுகளை முன்கூட்டியே ஊறவைத்துப் படலம் படியச் செய்த பிறகு அமிலத்தில் இடுவதும், அமிலமும் உமிழ்நீருமாக மாற்றி மாற்றி இடுவதும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள முறைகள்.

செலவு பற்றிய கவலையை உங்கள் விளக்கக் குறிப்பில் மறைமுகமாகப் படிக்க முடிகிறது. நுண்கடினத்தன்மை அளக்கும் கருவி உலோகத் தொழிலில் எங்கும் உள்ளது. ப்ரொஃபைலோமீட்டர் இயந்திரப் பொறியியல் துறைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. தரம்பார்த்தலுக்கு ஒரு பியூரெட்டும் பிஎச் மானியும் போதும். வாய் கொப்பளிப்பான்களின் அரிக்கும் தன்மையை முதல்கட்டமாகச் சலித்துப் பார்ப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 28888 என்ற சர்வதேசத் தரநிலை 2013-இலேயே வெளிவந்துவிட்டது. உங்கள் வரைவின் எல்லைக்குள் வாய் கொப்பளிப்பான்களும் வருகின்றன. அப்படியிருந்தும் அத்தரநிலையின் பெயர்கூட வரைவில் எங்கும் இல்லை.

இந்த முத்திரையை யார் நம்பி வாங்குவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பற்களில் ஏற்கெனவே கூச்சம் உள்ளவர்கள், இரைப்பை அமிலம் அடிக்கடி வாய்க்கு ஏறி வருபவர்கள், மருந்தின் விளைவாக உமிழ்நீர் வற்றிப்போனவர்கள், பால் பற்கள் உள்ள குழந்தைகளின் பெற்றோர். உமிழ்நீரின் காவல் குறைந்தவர்களே உறையைப் படித்து வாங்குவார்கள். எனாமலைக் கட்டும் செல்கள் பல் முளைத்ததும் இல்லாமல் போய்விடுகின்றன. கடைவாய்ப் பல்லின் மேட்டிலேயே அதன் தடிமன் அதிகம் போனால் 2.5 மில்லிமீட்டர்தான். மருத்துவமனையில் அரிப்பைக் கண்டறிய 2008-இல் பார்ட்லெட், கான்ஸ், லூசி ஆகியோர் வகுத்த எளிய குறியீட்டு முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பரப்புக்கு 0 முதல் 3 வரை மதிப்பிட்டுக் கூட்டுவார்கள். உச்ச மதிப்பு 18. நல்ல முறைதான், ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்வது. மேற்பரப்பின் நயம் மாறியிருப்பது தெரிந்து 1 என்று மருத்துவர் எழுதும் நிலைக்கு முன்பே எனாமல் பல மைக்ரான் போயிருக்கும். அந்தக் கட்டத்துக்கு முந்தைய இழப்பைச் சொல்ல வேண்டியது ஆய்வுக்கூட அளவீடு. அந்த அளவீட்டைத்தான் உங்கள் வரைவு ஒப்புக்குச் செய்யும் சடங்காக மாற்றுகிறது.

ஆகவே குழுவினரிடம் நான் கேட்பவை இவை. பிஎச் மதிப்பு மட்டுமே போதும் என்ற விதியை நீக்குங்கள். பிஎச்சோடு தரம்பார்த்தல் அமில அளவையும், திரவத்தில் உள்ள கால்சியம், பாஸ்பேட், ஃப்ளூரைடு அளவுகளையும் சேர்த்து, அது முதல்கட்டச் சலிப்பு மட்டுமே என்று தெளிவாக எழுதுங்கள். எடை இழப்புச் சோதனையை முழுவதுமாகக் கைவிட்டு, அதன் இடத்தில் நுண்கடினத்தன்மை மாற்றத்தையும் மேற்பரப்பு இழப்பையும் ஒரே வரிசைத் துண்டுகளில் அளப்பதைக் கட்டாயமாக்குங்கள். ஒவ்வொரு சோதனையிலும் பிஎச் குறிப்பிடப்பட்ட சிட்ரிக் அமிலக் கரைசல் ஒன்றும் நீர் ஒன்றும் உடன் வைக்கப்பட வேண்டும். அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாத சோதனையின் முடிவு செல்லாது என்று விதியிலேயே சேருங்கள். பல் மனிதனுடையதா மாட்டினுடையதா, பரப்பு மெருகேற்றியதா இயற்கையானதா, வெப்பநிலை, கலக்கும் வேகம், நேரம், ஒரு துண்டுக்கு எத்தனை மில்லிலிட்டர் திரவம், உமிழ்நீர்ப் படலம் இருந்ததா என்பவை அறிக்கையில் இடம்பெற வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறும் என்பதால் இது விருப்பத்துக்கு விடக்கூடியதன்று. அளவிடுபவருக்குத் துண்டுகளின் அடையாளம் மறைக்கப்பட வேண்டும். கருவியால் உறுதியாகக் காண முடிகிற மிகச் சிறிய வேறுபாடு எவ்வளவு என்பதை ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் சொந்த அளவீடுகளிலிருந்து கணக்கிட்டு, மூல எண்களோடு சேர்த்து வெளியிட வேண்டும்.

4.5 என்ற வரம்பை எந்த ஆதாரத்தின் மேல் தேர்ந்தீர்கள் என்பதை வெளியிடுங்கள். வரைவை நடைமுறைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவைத்து, கருத்துக்கான காலத்தை மீண்டும் 60 நாட்களுக்குத் திறந்து, முதல் சுற்றில் வந்த ஒவ்வொரு தொழில்நுட்பக் கருத்துக்கும் ஏற்றது, ஏற்காதது, காரணம் என்று எழுத்துமூலம் பதில் தாருங்கள். எங்கள் துண்டுகளும் அளவீட்டுப் பதிவேடுகளும் பத்திரமாக உள்ளன. குழுவிலிருந்து எவரேனும் வந்து அதே துண்டுகளைத் தராசிலும் நுண்ணோக்கியிலும் தாமே வைத்துப் பார்க்க விரும்பினால், நாளைக் குறித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
எனாமல் அளவீட்டுப் பணியில் உள்ள ஆய்வுக்கூடப் பணியாளர் ஒருவர்